பூஜ்யம் பிழை

நெய்வேலி பழைய சந்தை பற்றி எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இந்த வாரம் ஒரு கோபத்தை இறக்கி வைத்தாக வேண்டும். வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. "ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் டெசிபலா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அதனால் உங்கள் தலையில்.

நான்கு வீடு தள்ளி என் சித்தப்பா மகன் குடியிருக்கிறான். அவனுடைய பேத்தி எனக்கும் பேத்தி முறை. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வாள், போடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், கடைசி வருஷம். எந்தக் கல்லூரி என்பதும் வேண்டாம். இது ஒரு கல்லூரியின் குறை இல்லை, எனக்குத் தெரிந்து பல இடங்களில் இதே கதைதான். புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் கொடுப்பதற்கு முன்னால், "தாத்தா, ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க" என்று கொண்டுவந்தாள். தலைப்பு: கிராமப்புறங்களுக்கான டிஜிட்டல் தகவல் தொடர்பு, கம்ப்யூட்டர் சிமுலேஷன் முறையில்.

ஸ்பெல்லிங் நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டாவது பக்கத்தில் ஒரு கிராஃப். அதற்குக் கீழே ஒரு வரி: 9 டெசிபலுக்கு மேல் பிழை விகிதம் பூஜ்யம்.

இந்தத் துறையில் இல்லாத நண்பர்களுக்காக ஒரு பத்தி. டிஜிட்டல் தொடர்பு என்றால் எல்லாமே 0, 1 தான். அனுப்புகிறவர் 1 என்று அனுப்புகிறார், வழியில் இரைச்சல் கலக்கிறது, வாங்குகிறவர் அது 0 போலிருக்கிறதே என்று எண்ணிவிட்டால் ஒரு பிழை. நூறு அனுப்பி ஒன்று தவறினால் பிழை விகிதம் நூறில் ஒன்று. சிமுலேஷன் என்பது இதைக் காற்றில் செய்யாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்வது. அதுவே பகடை உருட்டி 0, 1 எழுதும், அதுவே இன்னொரு பகடை உருட்டி இரைச்சல் சேர்க்கும், அதுவே வாங்கிக்கொண்டு எத்தனை தவறிற்று என்று எண்ணும். இரைச்சலைவிட சிக்னல் எத்தனை மடங்கு பலமானது என்பதை டெசிபலில் சொல்வோம். 10 டெசிபல் என்றால் 10 மடங்கு, 20 என்றால் 100, 30 என்றால் 1,000. பலம் ஏற ஏறப் பிழை குறையும். அந்தக் கோடுதான் அவள் கிராஃபில் இருந்தது.

"எத்தனை பிட் அனுப்பினே?" என்று கேட்டேன்.

"பத்தாயிரம், தாத்தா."

"9 டெசிபல்ல எத்தனை பிழை வந்துது?"

"ஒண்ணுமே வரல. அதான் ஜீரோ போட்டிருக்கேன்."

அவள் எடுத்துக்கொண்டது இருக்கிறதிலேயே எளிய முறை, பி.பி.எஸ்.கே. அதற்கான சூத்திரம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. 9 டெசிபலில் பிழை விகிதம் லட்சத்துக்குச் சுமார் 3 என்று வரும். பத்தாயிரம் பிட் அனுப்பினால் எதிர்பார்க்கக் கூடிய பிழை 0.3. மூன்று தரம் ஓட்டினால் ஒரு தரம் ஒரு பிழை வரலாம், அவ்வளவுதான். 12 டெசிபலில் 100 கோடிக்குச் சுமார் 9. அங்கே பத்தாயிரத்தை அனுப்பிவிட்டுப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறாள்.

நம் வடலூர் ரயில்வே கேட்டில் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ஒரு வண்டியும் வராது. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் ரயிலே ஓடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா? அதைத்தான் இந்தப் பிள்ளை செய்திருக்கிறாள். செய்தவளைவிட, "ஓகே" என்று டிக் போட்ட ஆசிரியர் மேல்தான் எனக்கு ஆத்திரம். ரிவ்யூ மூன்று முடிந்துவிட்டதாம். மூன்றிலும் ஒருத்தர்கூட எத்தனை பிட் என்று கேட்கவில்லையாம்.

இன்னொரு வேடிக்கை. இந்த மாதிரி கிராஃபை லாக் அளவில்தான் வரைவார்கள். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று கட்டம் இறங்கிக்கொண்டே போகும். அந்தத் தாளில் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது. எத்தனை அடி கீழே நீட்டினாலும் வராது. மேட்லாப் மென்பொருளும் அந்தப் புள்ளியை வரையாமல் விட்டுவிடும். அவள் கோடு 8 டெசிபலோடு நின்றுபோயிருந்தது. வரைய முடியாத ஒன்றைக் கம்ப்யூட்டரே மறுத்திருக்கிறது, மனுஷர்கள் அதை வாக்கியமாக எழுதிவிட்டார்கள்.

பிழையே வராவிட்டால் என்ன எழுதுவது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. என் காலத்து ஆட்களுக்கு மனப்பாடம். எத்தனை பிட் அனுப்பினீர்களோ, அந்த எண்ணால் 3-ஐ வகுங்கள். உண்மையான பிழை விகிதம் அதற்குள் இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லலாம். பத்தாயிரம் அனுப்பியவள் "பத்தாயிரத்துக்கு 3-க்குள்" என்று எழுதலாம், அதற்கு மேல் ஒரு சொல் எழுத அவளுக்குப் பாத்தியதை இல்லை. புள்ளி வைத்துக் கோடு போட வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 100 பிழையாவது எண்ணியிருக்க வேண்டும். 100 எண்ணினால் பத்து சதவீதம் முன்பின் இருக்கும், பரவாயில்லை. பத்து லட்சத்துக்கு ஒரு பிழை என்று காட்ட வேண்டுமா, 10 கோடி பிட் அனுப்பு. லேப்டாப் சூடாகிறது என்றால் ஃபேனுக்குக் கீழே வை.

இதைச் சொன்னதும் பேத்தி, "தாத்தா, இது வெறும் புராஜெக்ட் தானே" என்றாள். என் கோபம் தலைக்கேறியது அந்த 'வெறும்' என்ற சொல்லில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மைக்ரோவேவ் இணைப்புகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களில் பலர் இப்போது இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு டவர், உள்நாட்டில் ஒரு டவர், நடுவில் ஒரே தாவு. 30 பேர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய 2 மெகாபிட் இணைப்பு. புதிதாகப் போட்டதை எங்களிடம் ஒப்படைக்கிற நாள். பிழை எண்ணும் மீட்டரைப் போட்டு 15 நிமிஷம் ஓட்டினோம். நண்பகல், நல்ல வெயில். பூஜ்யம்.

இங்கே கணக்கு பலமானது என்பதைக் கவனியுங்கள். விநாடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட், 15 நிமிஷத்துக்கு 184 கோடி. பேத்தியின் பத்தாயிரம் மாதிரி இல்லை. மூன்றை வகுக்கும் கணக்குப்படி நூறு கோடிக்கு இரண்டு பிழைகூட இருக்காது என்று தைரியமாக எழுதலாம். எழுதினார்கள். ஒரு இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். மேலே அவசரம், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

மாசி மாசத்தில் புகார் வர ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் லைன் அறுகிறது. காற்று அசையாத குளிர்ந்த ராத்திரிகளில், அதுவும் கடலோரத்தில், காற்று பாய் விரித்த மாதிரி அடுக்கடுக்காக நிற்கும். டவரிலிருந்து கிளம்புகிற அலை நேராக ஒரு வழி, அடுக்கில் வளைந்து இன்னொரு வழி என்று இரண்டாக வந்து சேரும். இரண்டும் எதிரும் புதிருமாக விழுந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வெயில் ஏறினால் அடுக்கு கலைந்துவிடும், பத்து மணிக்குப் போய் அளந்தால் மறுபடியும் பூஜ்யம். இரண்டு வாரம் "எங்க பக்கம் எல்லாம் சரி" என்றே பதில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் ஒருநாள் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. விடியற்காலை ஒருத்தர் பூத்துக்கு ஓடிவந்தாராம், மனைவி இறந்துவிட்டாள், வெளியூரில் இருக்கிற மகளுக்குச் சொல்ல வேண்டும். மூன்று தரம் லைன் கிடைத்து மூன்று தரமும் பாதியில் அறுந்திருக்கிறது. மகளுக்குக் கேட்டது "அம்மாவுக்கு" என்பது வரைக்கும்தானாம். அந்த மூன்று காலுக்கும் மீட்டர் ஓடியிருக்கிறது. "காசை நான் வாங்கல சார், ஆனா நீங்க பூஜ்யம் பிழைன்னு சொல்றீங்களே" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே எண்ணிக்கை ஒரு பாதிதான். எந்தக் காற்றில் எண்ணினாய் என்பது மறுபாதி. பேத்தியிடம் அடுத்த கேள்வியை அதனால்தான் கேட்டேன். "தலைப்புல கிராமம்னு போட்டிருக்கியே, புரோகிராம்ல கிராமம் எங்கம்மா இருக்கு?"

இல்லை. அவள் சேர்த்திருந்தது வெறும் சீரான இரைச்சல். ஒரு சுவர் இல்லை, ஒரு மரம் இல்லை, இரண்டாவது வழி என்று எதுவும் இல்லை. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் வெட்டவெளியில் நேருக்கு நேர் நிற்கிற உலகம். அந்த உலகத்தில் லட்சத்துக்கு ஒரு பிழைக்கு 9.6 டெசிபல் போதும். அதே முறையை, அலை பல வழிகளில் சிதறி வந்து சேருகிற இடத்தில், அதாவது தெருவும் தோப்பும் இருக்கிற இடத்தில், வைத்துப் பாருங்கள். ராலே மங்கல் என்று பாடத்தில் வரும். அங்கே லட்சத்துக்கு ஒரு பிழைக்கு 44 டெசிபல் வேண்டும். வித்தியாசம் 34 டெசிபல். சும்மா 34 என்று படிக்காதீர்கள், 2,500 மடங்குக்கும் மேல் சக்தி. பிழை திருத்தும் குறியீடு, இரண்டு ஆன்டெனா என்று பல வித்தைகளால் இந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை நிஜத்தில் மூடிவிடுகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பள்ளம் இருப்பதே தெரியாமல் மூட முடியுமா?

வாங்குகிற பக்கமும் இதே லட்சணம்தான். நிஜ ரிசீவர் பாவப்பட்ட ஜீவன். சிக்னல் எப்போது தொடங்கியது, எவ்வளவு தூரம் முறுக்கிக்கொண்டு வந்தது, வழியில் எவ்வளவு தேய்ந்தது, எல்லாவற்றையும் அதுவே குத்துமதிப்பாகக் கண்டுபிடிக்க வேண்டும். சிமுலேஷனில் அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் ஒரே புரோகிராம். அந்த விவரங்களை எல்லாம் அனுப்புகிறவனிடமிருந்து அப்படியே எடுத்து வாங்குகிறவன் கையில் கொடுத்துவிடுவார்கள். இலவசக் கண் பரிசோதனை முகாமில் வரிசையில் நின்றிருப்பீர்கள். முன்னால் நிற்கிறவர் எழுத்தை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். நம் முறை வருவதற்குள் கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் "பார்வை நல்லாருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள், ஆறு மாசத்தில் புரை ஆபரேஷன்.

ஈ.வி.எம். என்று இன்னொரு அளவு, ஓட்டு மெஷின் இல்லை. சிக்னல் எந்தப் புள்ளியில் வந்து விழ வேண்டுமோ அதிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகி விழுகிறது என்று சதவீதத்தில் சொல்வது. நல்ல அளவுதான். 4ஜி டவர் அனுப்புகிற சிக்னலுக்கே இத்தனைக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு உண்டு. சாதாரண நான்கு புள்ளி முறைக்கு 17.5 சதவீதம், 64 புள்ளி முறைக்கு 8, 256 புள்ளி என்றால் 3.5. புள்ளிகள் நெருங்க நெருங்க வரம்பு இறுகும். இதிலும் ஒரு பொடி வேலை இருக்கிறது. எந்தப் புள்ளியை அனுப்பினோம் என்று பார்த்து விலகலை அளக்காமல், விழுந்த இடத்துக்கு எது பக்கமோ அதிலிருந்து அளந்துவிடுவார்கள். இரைச்சல் அதிகமானால் சிக்னல் அடுத்த வீட்டு வாசலில் போய் விழும். "வாசலை ஒட்டித்தானே நிற்கிறேன், விலகல் கம்மிதான்" என்று கணக்கு வரும். நிற்பது யார் வாசல் என்று கேட்பாரில்லை. சிக்னல் மோசமாக ஆக ஆக அளவு நிஜத்தைவிட நல்லதாகக் காட்டும் அதிசயம் இது.

டெசிபல் விஷயமும் அப்படித்தான். பண்ருட்டியில் போய் முந்திரி கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். கொட்டையா பருப்பா என்று திருப்பிக் கேட்பார்கள். 10 டெசிபல் என்று எழுதினால், மொத்த சிக்னலையும் மொத்த இரைச்சலையும் ஒப்பிட்டா, அல்லது ஒரு பிட்டுக்கு இவ்வளவு ஆற்றல் என்று பிரித்தா என்று கேட்க வேண்டும். ஒரு குறியீட்டுக்கு 8 மாதிரி எடுத்து ஓட்டுகிற புரோகிராமில் இந்த இரண்டையும் குழப்பினால் 9 டெசிபல் காணாமல் போகும், அதாவது 8 மடங்கு. மேட்லாபில் இரைச்சல் சேர்க்கிற கட்டளை ஒன்று உண்டு. சிக்னலின் சக்தியை அளந்து பார் என்று நாம் தனியாகச் சொல்லாவிட்டால், அது 1 வாட் என்று தானே வைத்துக்கொள்ளும். நம் சிக்னல் அந்தச் சக்தியில் இல்லையென்றால் கிராஃபின் அடிக்கோடு மொத்தமும் பொய். கோடு மட்டும் அழகாக வளைந்து இறங்கும். பேத்தி இதில் தப்பித்தாள், அவள் சிக்னல் தற்செயலாக 1 வாட்டாக அமைந்துவிட்டது.

இவ்வளவு திட்டியபின், "அப்போ சிமுலேஷனே வேண்டாமா, டவரைக் கட்டிப் பார்த்துத்தான் சொல்லணுமா" என்று கேட்பீர்கள். என்னோடு வேலை பார்த்த சிலர் அப்படித்தான் பேசுவார்கள், கம்ப்யூட்டரில் பார்ப்பதெல்லாம் பொம்மை விளையாட்டு என்று. எனக்கு அதில் சம்மதம் இல்லை. சிமுலேஷனுக்குள் யாருடைய ஊரை வைக்கிறோம் என்பதில் ஒரு தேசத்துக்கே லாப நஷ்டம் இருக்கிறது. நம்ம சென்னைக்காரர்கள் அதைக் காட்டினார்கள்.

5ஜி என்று எதை அழைக்கலாம் என்று தீர்மானிப்பது ஜெனீவாவில் இருக்கிற ஐ.டி.யூ., ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு. உலகத்திலிருந்து வருகிற ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் அவர்கள் வயலில் நட்டுப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் சிமுலேஷன்தான். அந்த சிமுலேஷனில் கிராமம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் 1,732 மீட்டர். ஏன் இந்த விசித்திர எண் என்றால், ஒரு கிலோமீட்டரை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கியது, அறுகோணக் கட்டத்தின் கணக்கு. கிராமத்தில் ஒண்ணே முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு டவர். குறிஞ்சிப்பாடியிலிருந்து பெருமாள் ஏரி வரைக்கும் போகிற வழியில் எத்தனை டவர் வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டு 5ஜி தர அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ.யும், சென்னை ஐ.ஐ.டி., ஹைதராபாத் ஐ.ஐ.டி., சென்னையிலேயே இருக்கிற செவிட் ஆய்வு மையம் போன்ற இடங்களின் ஆட்களும் இதில் மல்லுக்கட்டினார்கள். எங்கள் ஊர்களில் டவர் தூரத்தில் இருக்கும், ஆட்கள் காரில் பறக்க மாட்டார்கள், அந்த மாதிரி ஒரு கிராமத்தையும் சேருங்கள் என்று. 2017-இல் ஐ.டி.யூ.வின் மதிப்பீட்டு விதிகளில் அது ஏறியது. 700 மெகாஹெர்ட்ஸ், டவருக்கு டவர் 6 கிலோமீட்டர். கட்டாயத் தேர்வாகவும் ஆயிற்று. ஊருக்கு ஒப்பான காற்றை சிமுலேஷனுக்குள் வைத்தது அந்த ஒரு வரிதான்.

வைத்ததும் என்ன தெரிந்தது? தூரத்துக் கிராமத்தில் கஷ்டம் டவரிலிருந்து போனுக்கு வருவதில் அவ்வளவாக இல்லை, போனிலிருந்து டவருக்குப் போவதில். டவர் பத்துக்கணக்கான வாட்டில் கத்துகிறது. நம் கையில் இருக்கிற போனின் உச்சமே சுமார் 200 மில்லிவாட். அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது, பல வீடுகளில் உள்ள நிலைமைதான். போனின் ஆம்ப்ளிஃபையரை வீணடிக்காமல் முழுப் பலத்தோடு பேச வைக்கிற ஒரு அலை வடிவத்தை இவர்கள் முன்வைத்தார்கள். 5ஜிஐ என்று பெயர் வைத்த இந்தத் தரத்தை ஐ.டி.யூ. 2021 பிப்ரவரியில் வெளியிட்ட 5ஜி பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் டிசம்பரில் அதை உலகப் பொதுத் தரத்தோடு இணைத்துவிட ஒப்புக்கொண்டார்கள். தனித்தரம் வைத்திருந்தால் போன் விலை ஏறும் என்று சொன்னவர்களும் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. அது வேறு சண்டை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 1,732-க்கும் 6,000-க்கும் நடுவில் நடந்த சண்டைதான். ஒரே புரோகிராம், ஒரே கணக்கு, ஒரு எண்ணை மாற்றினால் தேறியது தேறாது. அந்த எண்ணைக் கேள்வி கேட்க ஒரு கூட்டம் இருந்தது. பேத்தியின் மூன்று ரிவ்யூவில் ஒருத்தர் இல்லை.

இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் தைப்பூசத்தன்று ஞான சபைப் பக்கம் போய் போனை எடுத்துப் பாருங்கள். கட்டை நான்கும் முழுசாக நிற்கும், வீட்டுக்கு ஒரு கால் போகாது. போன தடவை என் மனைவியை மூன்று மணி நேரம் தேடினேன், இருவர் போனிலும் முழுக் கட்டை. அந்தக் கட்டை சொல்வது டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான். லட்சக்கணக்கான போன் ஒரே நேரத்தில் கூச்சலிடும்போது அந்தக் குரலில் எவ்வளவு புரிகிறது, நமக்கு வரிசையில் இடம் இருக்கிறதா என்பதற்கு அது பதில் சொல்லாது. பலம் ஒன்று, தரம் வேறு. நம் கண்ணில் படும்படி வைத்திருப்பது முதலாவதை மட்டும்.

சராசரி என்று ஒரு மாயம் இருக்கிறது, அதையும் சொல்லி முடிக்கிறேன். பேசும்போது லைன் அறுவது 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது டிராய் விதி. அதை ஒரு வட்டாரம் முழுவதற்கும் சராசரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் நன்றாக இருந்தால் நம் பக்கத்து முந்திரித் தோப்பில் அறுவது சராசரியில் கரைந்துவிடும். 2015 அக்டோபரில், அறுந்த காலுக்கு ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை நஷ்டஈடு என்று டிராய் கொண்டுவந்ததை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2017-இல்தான் சராசரியை விட்டுவிட்டு, இத்தனை சதவீத டவர்களில், இத்தனை சதவீத நாட்களில் என்று அளக்க ஆரம்பித்தார்கள். அப்படியும் ஒரு ஓட்டை. குரல் கேட்காமல் போனபின்னும் இணைப்பை உடனே அறுக்காமல் சில விநாடி பிடித்து வைத்திருக்கிற ஒரு கணக்கு டவரில் உண்டு. அதைக் கூட்டி வைத்தால், நாம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு நாமே வைத்துவிடுவோம். அது அறுந்த காலாகக் கணக்கில் வராது. வாடிக்கையாளர் தாமாகவே பேசி முடித்தார் என்று வரும். அந்த பூத்துக்காரர் இன்று இருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பேத்தி அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். ஸ்பெல்லிங் பார்க்கச் சொன்னால் கிழவன் இரண்டு மணி நேரம் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும். இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தாள். 12 டெசிபலில் 100 கோடி பிட் ஓட்டியிருக்கிறாள். 7 பிழை. "7 பிழைகள் மட்டுமே எண்ணப்பட்டன, துல்லியம் போதாது" என்று அவளே எழுதியிருந்தாள். பூஜ்யம் இருந்த வரி போய்விட்டது. இன்னொரு கோடும் வரைந்திருந்தாள், மங்கல் சேர்த்து. முதல் கோடு அருவி மாதிரி விழுகிறது, இரண்டாவது மாட்டு வண்டி இறக்கத்தில் போகிற மாதிரி மெதுவாக இறங்குகிறது. தலைப்பில் கிராமத்தை அப்படியே விட்டிருந்தாள், இப்போது ஆட்சேபணை இல்லை.

கைடு பார்த்துவிட்டு, ரிவ்யூ முடிந்தபின் ஏன் கிராஃபை மாற்றினாய், இரண்டாவது கோடு ரிசல்ட்டைக் கெடுக்கிறது, எடுத்துவிடு என்றாராம்.

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்னு வந்துட்டேன். எடுக்கலன்னா மார்க் குறைப்பாரா தாத்தா?"

குறைக்கலாம் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட கதையை அவளிடம் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன், பூத்துக்காரர் வந்தது வரைக்கும். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை பைண்டிங் கொடுக்க வேண்டும். இன்று சனி.